எல்லா ஊசியும் துள்ளிய கேள்வி

அந்தத் தெருவில் அவரை ஊசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். குடிவந்த புதிதில் ஒரு பெண்மணி காய்ச்சலடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், சீக்கிரம் ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று வாசலில் நின்றாளாம். அவர் வேலை பார்த்தது வேறு ஊசியோடு. போலீஸ் இலாகாவில் பொய் கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிறவர் அவர். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மார்பைச் சுற்றி ஒரு குழாய், புஜத்தில் ரத்த அழுத்தப் பட்டை, விரலில் இரண்டு கவ்வி எல்லாம் மாட்டிவிட்டுக் கேள்வி கேட்பார். நான்கு ஊசிகள் ஓடுகிற காகிதத்தில் மையால் கோடு போட்டுக்கொண்டே போகும். ஆளுக்கு உள்ளே ஏதாவது கலங்கினால் ஊசி துள்ளும். இவ்வளவுதான் வித்தை. முப்பது வருஷம் இதைத்தான் செய்தார். தெருமுனை மளிகைக்காரர் இவர் தலையைப் பார்த்ததுமே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மெஷின் இருந்த அறை இலாகாக் கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கனமான கம்பளித் துணி ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அப்படியே செத்துப்போகும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். அங்கே பெருக்க வருகிற அம்மாள் பட்டப்பகலிலும் கதவை அகலத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் பெருக்குவாள். "உள்ள போனா யாரோ என் பேச்சைக் கேக்கற மாதிரி இருக்கு சார்" என்பாள். "நீ பேசவே இல்லையேம்மா" என்றால், "அதான் சார் பயமா இருக்கு" என்பாள்.

இப்படி ஒரு வேலைக்கு ஒரு மனுஷன் ஏன் போகிறான்? காரணம் இருந்தது. அதை மூடி வைத்து, கடைசியில் திறந்து காட்டுகிற பழக்கம் எனக்கில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பா ரொம்பக் கண்டிப்பு. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் மூச்சுக்கு முந்நூறு தடவை கடவுள் பெயரைச் சொல்கிறவர். ஊசிக்காரரின் தம்பி வளர்ந்ததும், அந்தக் கடவுள் எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியேறினான். அப்பா எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே அவனுக்கு யாரும் கதவு திறக்கக் கூடாது. இது என் வார்த்தை இல்ல, மேல இருக்கறவன் வார்த்தை." ஊசிக்காரருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வெளியூரில் மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பேய்மழை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணா." மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் நடுங்கியது. இவர் பேனாவைப் பிடித்த கையை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. மறுநாள் காலையில் ஒரு பஸ் நிழற்குடையில் தம்பி விறைத்துக் கிடந்தான். கடுமையான காய்ச்சல், கூடவே மழை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

நடந்ததை இவர் சொன்னதும் அப்பா இவர் தோளில் கை வைத்தார். "நீதான்டா என் பிள்ளை. சொன்ன சொல்லைக் காப்பாத்தினே" என்றார். சித்தப்பாக்கள், அத்தைகள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருத்தராவது வாயைத் திறந்து, பாவி, ஏன்டா கதவைத் திறக்கலே என்று நாலு அறை விட்டிருந்தால் மனுஷன் அழுது தீர்த்திருப்பார். யாரும் கேட்கவில்லை. அவரும் அழவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். நல்லது கெட்டதெல்லாம் அந்தந்த வீடும் ஊரும் வகுத்து வைத்தது என்றால், அவர் சரியாகத்தான் நடந்திருக்கிறார். இல்லை, எல்லா மனுஷருக்கும் பொதுவாக மேலேயிருந்து ஒரே விதிதான் வந்தது என்றால், அவர் தம்பியைக் கொன்றவர். இரண்டில் எது என்று தெரியாமல் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடியும், சொல்லுங்கள். மனசுக்குள் இருப்பதைக் கோடு போட்டுக் காட்டுகிற மெஷின் ஒன்று வந்திருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றார்.

அந்த ஊருக்குப் பல தேசத்து ஆட்கள் வேலை தேடி வருவார்கள். வழக்கில் மாட்டினால் மொழிபெயர்க்க ஓர் ஆளோடு இவர் அறைக்கு வந்து சேருவார்கள். விதிப்படி எல்லாக் கேள்வியையும் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கேட்க வேண்டும். இவர் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில், "மெஷின் சரியா இருக்கான்னு பாக்க இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று தன் கேள்வி ஒன்றைச் செருகுவார். அந்தத் துண்டைக் கத்தரித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். திருட்டு வேலைதான். ஆனால் யாருக்குத் தெரியப் போகிறது?

முதல் இருபது வருஷத்தில் பார்த்தது அவருக்குத் தெம்பாக இருந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவன், ஆளைக் குத்தியவன். குத்தினாயா என்றதற்கு ஆமாம் என்றான், ஊசி சோம்பலாகப் போனது. அண்ணனைக் கொன்றவனைச் சும்மா விடுவதுதான் அவன் ஊரில் அசிங்கமாம். "சாப்பிட்ட வீட்டைப் பத்தி வெளியில தப்பாப் பேசியிருக்கியா?" என்றார். நான்கு ஊசியும் எகிறின. இன்னொருவர் ஊரறிந்த பெரிய மனிதர், ஏகப்பட்ட குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியவர். அதைப் பற்றிக் கேட்டபோது ஊசி தூங்கி வழிந்தது. பிரார்த்தனையை என்றைக்காவது தவறவிட்டீர்களா என்றதும் காகிதத்தை விட்டு வெளியே போகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "பாத்தியா? நல்லது கெட்டதெல்லாம் ஊருக்கு ஊர் தைச்சுப் போட்டுக்கிட்ட சட்டைதான்."

அவருடைய மனைவிக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். ஆனால் மாமனாரைப் போல அதை அடுத்தவர் தலையில் ஏற்றமாட்டாள். தம்பி விஷயம் அவளுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "சட்டை வேற வேறதாங்க. உள்ள இருக்கற உடம்பு?"

"அதெல்லாம் பேச்சு."

"சரி, பேச்சுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். எல்லார்கிட்டயும் என்னென்னவோ கேக்கறீங்களே, உங்க கேள்வியை மட்டும் ஏன் கேக்கவே மாட்டேங்கறீங்க?"

ஒரு மாதம் கழித்து, ஜேப்படி அடிக்கிற ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதற்கும் அசராத ஆள், கேள்விக்குக் கேள்வி நக்கல் வேறு. கடைசியில் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "யாராவது உன்னைக் கூப்பிட்டு, காதுல விழுந்தும், போகாம இருந்திருக்கியா?"

"இல்ல சார்" என்று சிரித்தான். ஊசிகள் மெல்ல மேலே ஏறின. ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்கின. அவன் சிரிப்பு நின்றுபோனது. இவர் தோளுக்கு மேலே, பின்னாலிருந்த கதவைப் பார்த்தான்.

"யாரு சார் அது?"

"யாரும் இல்லையே. பூட்டியிருக்கு."

"யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஊசிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவர் அப்புறம் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஏனென்றால் அடுத்து வந்தவனும் கதவைத்தான் பார்த்தான். அதற்கடுத்து வந்த கிழவரும், வேற்று மொழி பேசிய சமையல்காரியும், மூன்று கொலை செய்தவனும், அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்து சாட்சியாகிப்போன மதகுருவும் கதவைத்தான் பார்த்தார்கள். ஆமாம் என்றவர்களுக்கும் துள்ளியது, இல்லை என்றவர்களுக்கும் துள்ளியது. ஆறு வருஷத்தில் அறுநூற்றுப் பதினான்கு பேர். ஒருத்தர் பாக்கியில்லை.

ஒரு விடுமுறை நாளில் எல்லாத் துண்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். ஏற்றம், உச்சியில் ஒரு நிறுத்தம், இறக்கம். எல்லாத் துண்டிலும் அதே மேடு, அதே அளவு. மூன்று கொலை செய்தவனின் துண்டையும் மதகுருவின் துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு கோடு தெரியவில்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே கையெழுத்துங்க" என்றாள். "எழுதினவன் ஒருத்தன்தான்."

அப்படியானால் அப்பா சொன்னதும் சித்தப்பாக்கள் மெச்சியதும் செல்லாது. அவர் கொலைகாரர்தான். ஆனாலும், சொல்லக் கூசுகிறது, உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. உலகத்தில் எல்லோருமே யாருக்கோ கதவு திறக்காதவர்கள்தான். கும்பலோடு கும்பலாக நாமும் ஒருத்தர். அந்த ஆறுதலிலேயே அவர் ஒன்றிரண்டு வருஷம் ஓட்டினார்.

அப்புறம்தான் ஆயா வந்தாள்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். மத்தியானத் தூக்க வேளையில் ஒரு குழந்தை போர்வையில் சிக்கி மூச்சு முட்டி இறந்துபோயிருந்தது. நான் மொட்டைமாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், முதலாளியம்மாதான் அனுப்பினார்கள், எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று இவள் சொன்னாள். கேட்டும் சோம்பேறித்தனத்தில் போகாமல் இருந்துவிட்டாள் என்றாள் முதலாளியம்மா. வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் மெஷினுக்கு அனுப்பினார்.

"குழந்தை அழுத சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல சார்."

ஊசி கொஞ்சம் ஏறியது. குழந்தை செத்துப்போன வீட்டில் யாரைக் கேட்டாலும் ஏறுகிற அளவுதான். ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷம் விடவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. யாராவது உங்களைக் கூப்பிட்டு, காதுல விழுந்தும், போகாம இருந்திருக்கீங்களா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "இல்ல சார்" என்றாள்.

நான்கு கோடும் தரையில் போட்ட நூலாகக் கிடந்தன. அவர் காத்திருந்தார். காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது, மேடே வரவில்லை. அவள் கதவைப் பார்க்கவும் இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூற்றுப் பதினான்கு பேருக்கு மேல் பார்த்த மனுஷர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், எதுவும் கழன்றிருக்கவில்லை. இவள் மனுஷப் பிறவிதானா? உள்ளே ஒன்றுமே இல்லையா?

பட்டையை அவிழ்க்கும்போது அவள் கேட்டாள்: "குழந்தை அழுதுச்சா சார்? உங்க மெஷின் அதையாவது சொல்லுமா? யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க."

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டார். 'பொய் சொல்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. காப்பகத்துக்குத் திரும்பிப் போய் ஒருத்தரும் விசாரிக்கவில்லை. அவளைச் சிறையில் வைத்தார்கள்.

வீட்டில் இதை ஒரு அதிசயமாகச் சொன்னார். "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உன் கடவுளோட கையெழுத்து இல்ல. கல்லு மனசு."

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஏங்க, அவ ஒருதடவைகூட போகாம இருந்ததே இல்லையோ என்னவோ?"

"என்ன உளர்றே? அப்படி ஒருத்தர் உலகத்துல இருக்க முடியுமா?"

"இருக்க முடியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் குழந்தைக்கும் தோன்றியிருக்கும், அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு செய்தவனுக்குத்தானே துள்ளும்? செய்யாதவளுக்கு என்ன துள்ளும்? ஆனால் உடனே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. மனசாட்சியே இல்லாவிட்டாலும் கோடு படுத்துத்தான் கிடக்கும் என்றார். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம், நிச்சயமாகத் தப்பு செய்த ஆளாக நான் ஒருத்தன் இருக்கிறேனே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை அந்த அறைக்குக் கூட்டிப்போனார். எதை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, தானே பட்டை, குழாய், கவ்வி எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி மேற்கூரைக்குப் போகும் பார் என்று வேறு சொன்னார். அவள் கேள்வியைப் படித்தாள்.

"ஆமா" என்றார்.

கோடு அசையவில்லை.

"மறுபடி கேளு. தம்பின்னு சொல்லிக் கேளு."

"உங்க தம்பி வந்து கதவைத் தட்டி, அண்ணான்னு கூப்பிட்டு, உங்க காதுல விழுந்தும், நீங்க திறக்காம இருந்தீங்களா?"

"ஆமா. மூணு தடவை கூப்பிட்டான்."

ஊசிகள் நேராகப் போய்க்கொண்டே இருந்தன. கரகரவென்று காகிதத்தில் ஊசி உரசுகிற சத்தம் மட்டும்தான். அப்பா தோளில் வைத்த கை இத்தனை வருஷம் கழித்தும் அங்கேயே இருந்து அமுக்கிப் பிடித்திருந்தது. மூன்று கொலை செய்தவனுக்கும் இருந்த அந்த மேடு இவருக்கு இல்லை. "அப்போ என் வீட்டுச் சட்டம்தான் ஜெயிச்சுடுச்சா?" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்கு அவர் பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்ததாம், பின்னால் அவளே சொன்னாள்.

ஆனால் அவள் காகிதத்தை நிறுத்தவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, எழுதி வைக்காத ஒன்றைக் கேட்டாள். "அந்தப் பொண்ணு இப்போ ஜெயில்ல இருக்காளே. குழந்தை அழுதுச்சான்னு உங்களைக் கேட்டாளே. அவ கூப்பிடறது கேக்குதாங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் நான்கு ஊசியும் ஒன்றாக எழுந்தன. ஒன்று காகிதத்தைக் கிழித்தது, மை அவள் கையில் தெறித்தது. அவர் கண் அவளைத் தாண்டி, மூடியிருந்த கதவுக்குப் போனது.

"அங்க யாரு?" என்றார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் சத்தம் போட்டார். "உமக்கென்ன கிறுக்கு பிடிச்சுருக்கா? ரிட்டையராக ஒரு வருஷம் இருக்கு. பேசாம வீட்டுக்குப் போய்யா." இவர் போகவில்லை. விதியை மீறிக் கேட்ட கேள்வியையும், அதை நம்பி எழுதிய பொய்யையும் தன் கைப்பட எழுதி நீதிபதிக்குக் கொடுத்தார். இலாகா அவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் நீதிபதி மறுபடி விசாரிக்கச் சொன்னார். ஒரு கான்ஸ்டபிளைக் குழந்தைகள் தூங்குகிற அறையில் நிறுத்திக் கத்தச் சொன்னார்கள். மொட்டைமாடியில் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

அவள் வெளியே வருகிற நாளில் ஊசிக்காரர் சிறை வாசலில் போய் நின்றார். வெயில் ஏறியிருந்தது. அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் நின்றாள்.

"ஊசி சார்தானே?"

"ஆமாம்மா. உனக்கு நான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்யதை இல்ல."

"விடுங்க சார். கடைசியில வந்து சொன்னீங்களே."

அவர் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா. அன்னைக்குக் கடைசியா ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? கூப்பிட்டா போகணும்னு யாராவது உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா? சாமிக்குப் பயந்தா? உங்க வீட்டுல அப்படி வளத்தாங்களா?"

"எங்க வீட்டுல யாருங்க இருந்தா, வளக்க? சாமியெல்லாம் எனக்கு அவ்வளவாத் தெரியாது சார்." கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கேள்வியே எனக்குப் புரியலை சார். அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். கூப்பிடறாங்க. நம்ம காதுலயும் விழுது. அப்புறம் எப்படிப் போகாம இருப்பாங்க?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நிஜமாவே அப்படி இருப்பாங்களா சார்?"

"இருப்பாங்கம்மா" என்றார் அவர். "எல்லாருமே இருந்திருக்காங்க. நானும் இருந்திருக்கேன்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் தெருவில் போகிறவர்களை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை, வாசலில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த காவலர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மெஷின் அறையில் வராத பயம், சிறையில் வராத பயம், இப்போது அவள் முகத்தில் வந்தது. பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து ஓர் அடி பின்னால் போனாள்.